குலசை ராக்கெட் தளமும் ராபர்ட் கோடார்டும்: ராக்கெட்டுக்குள்ளே கேமரா போன கதை என்ன?

2024 பிப்ரவரி 28. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்குத் தூத்துக்குடியில் நடந்த விழாவில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் குலசை மண்ணிலிருந்து ரோகிணி ஆர்.ஹெச்-200 என்ற சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றும் மேலே போனது. தசரா வேஷத்துக்கும், உடன்குடி கருப்பட்டிக்கும், தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கும் பேர்போன கடற்கரை, ஒரே நாளில் ராக்கெட் ஊர் ஆகிவிட்டது.

ராக்கெட் என்றதும் இப்போது எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, அது மேலே போகும்போது அங்கிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான். 2017 பிப்ரவரி 15-ல் பி.எஸ்.எல்.வி-சி37 ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை விட்டபோது, அவை ஒவ்வொன்றாகப் பிரிந்து போனதை ராக்கெட்டிலேயே பொருத்திய கேமரா படம்பிடித்ததை நாம் டிவியில் பார்த்தோம். இன்றைக்குப் பொழுதுபோக்காக மாடல் ராக்கெட் விடுகிறவர்கள்கூட கட்டைவிரல் அளவு வீடியோ கேமராவை உள்ளே வைத்து அனுப்புகிறார்கள்.

ஆனால் ராக்கெட்டில் கேமரா ஏறியது அழகான காட்சிக்காக மட்டும் இல்லை. சாட்சிக்காகவும்தான். அந்தச் சாட்சிக்காக வாழ்நாள் முழுக்க அலைந்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். திரவ எரிபொருள் ராக்கெட்டை உலகில் முதன்முதலாகப் பறக்கவிட்ட ராபர்ட் ஹட்சிங்ஸ் கோடார்ட்தான் அவர்.

யார் இந்த கோடார்ட்?

1882 அக்டோபர் 5-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். நோஞ்சான் பிள்ளை. அடிக்கடி உடம்பு முடியாமல் படுத்ததால் பள்ளிக்கூடத்தில் பின்தங்கிப்போனார். உடன் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய்விட்ட வயதில், 21 வயதில்தான் உயர்நிலைப் பள்ளியையே முடித்தார். வீட்டில் கிடந்த நாட்களில் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தார். எச்.ஜி.வெல்ஸ் எழுதிய செவ்வாய்க்கிரகப் போர் நாவல் அவரைப் பிடித்து உலுக்கியது.

1899 அக்டோபர் 19. பட்டுப்போன கிளைகளை வெட்ட வீட்டுக்குப் பின்னால் இருந்த செர்ரி மரத்தில் ஏறினார். வயது 17. மேலே இருந்து புல்வெளியைப் பார்த்தபோது, செவ்வாய் வரை ஏறிப் போகும் ஒரு கருவி அங்கிருந்து கிளம்புவதுபோல் மனதில் ஓடியதாம். மரத்தை விட்டு இறங்கியவர் ஏறிய ஆளாக இல்லை. அந்தத் தேதியை ஆயுள் முழுக்கத் தன் சொந்தப் பண்டிகைபோல நினைவு வைத்திருந்தார். 1938 புயலில் அந்த மரம் சாய்ந்தபோது அதையும் டைரியில் குறித்துவைத்தார்.

வூஸ்டரிலேயே பொறியியல் கல்லூரி, பிறகு கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1911-ல் இயற்பியல் முனைவர் பட்டம். 1913-ல் காசநோய். இரண்டு வாரம்தான் தாங்குவார் என்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். ஆனால் அவர் 32 வருடம் தாங்கினார். படுக்கையில் இருந்தபடி எழுதிய குறிப்புகளிலிருந்துதான் 1914 ஜூலையில் இரண்டு காப்புரிமைகள் கிடைத்தன. ஒன்று, அடுக்கடுக்காகக் கழன்று போகும் ராக்கெட். இன்னொன்று, திரவ எரிபொருளால் ஓடும் ராக்கெட். குலசையிலிருந்து நாளைக்குக் கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி-யும் அடுக்கடுக்காகக் கழன்று போவதுதான்.

போனது நிஜமா, எப்படி நிரூபிப்பது?

ராக்கெட் விடுகிறவரின் முதல் சிக்கல் இது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முத்துச் சிலாபம் நடந்த காலத்தில், கடலுக்கு அடியில் பார் எப்படி இருக்கிறது என்று கரையில் இருப்பவருக்குத் தெரியாது. சிலாபத்தை அறிவிக்கும் முன்னால் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, கரைக்குக் கொண்டுவந்து, பிளந்து பார்த்து, முத்து தேறுமா என்று கணக்குப் போடுவார்கள். 1961-ல் நடந்ததுதான் இந்தக் கரையின் கடைசிச் சிலாபம். ஆழத்துக்குப் போனவர் கையில் எதையாவது எடுத்துவந்தால்தான் பேச்சுக்கு மதிப்பு. ராக்கெட் போவது ஆழத்துக்கு இல்லை, உயரத்துக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

1917 ஜனவரியில் ஸ்மித்சோனியன் நிறுவனம் கோடார்டுக்கு 5,000 டாலர் உதவி தந்தது. மேல் காற்றுமண்டலத்தை அளக்கும் கருவிகளை பலூன் போகாத உயரத்துக்குத் தூக்கிப்போக ராக்கெட் வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். 1920 தொடக்கத்தில் அந்த ஆய்வு சின்னப் புத்தகமாக வந்தது. கணக்கும் சூத்திரமும் நிறைந்த அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் ஒரு யோசனை இருந்தது. போதுமான வேகத்தில் ஒரு ராக்கெட் போனால் அது நிலவையே அடையும். சரி, அடைந்தது என்று பூமியில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? நிலவின் இருட்டுப் பகுதியில் மோதும்போது பளிச்சென்று எரியும் மருந்துப்பொடியை ராக்கெட்டின் முனையில் வைத்துவிடலாம், தொலைநோக்கியில் அந்த மின்னல் தெரியும் என்றார்.

சும்மா சொல்லவில்லை. துளித்துளியாகப் பொடியை எரித்து, இரவில் 2 மைலுக்கும் அப்பால் நின்று அது தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார். 14 பவுண்டுக்குச் சற்றுக் குறைவான பொடி, அதாவது 6 கிலோ சொச்சம், நன்றாகவே தெரியும் என்று கணக்கும் போட்டிருந்தார்.

பத்திரிகைகள் கணக்கை விட்டுவிட்டு நிலவை மட்டும் பிடித்துக்கொண்டன. 1920 ஜனவரி 13-ல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே எழுதியது. வெற்றிடத்தில் தள்ளுவதற்குக் காற்று இல்லை, அப்புறம் ராக்கெட் எதை உந்தி முன்னே போகும், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் இந்த விஷயம்கூட பேராசிரியருக்குத் தெரியவில்லையே என்று கிண்டல். தப்பு பத்திரிகையுடையது. ராக்கெட் காற்றை உந்தி ஓடுவதில்லை. தான் வெளியே வீசும் வாயுவின் எதிர்விளைவில்தான் ஓடுகிறது. காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் ராக்கெட்டைச் சுட்டு, வெற்றிடத்திலும் உந்துவிசை உண்டு என்று அவர் ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆனால் ஆய்வகக் குழாயை யார் எட்டிப் பார்த்தார்கள்!

அந்தக் கிண்டல் அவரை உள்ளுக்குள் சுருட்டிவிட்டது. அதே 1920 மார்ச்சில் ஸ்மித்சோனியனுக்கு எழுதிய அறிக்கையில், நிலவையும் கிரகங்களையும் கடந்துபோகும் ராக்கெட்டில் கேமரா வைத்துப் படம் எடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அதை வெளியே விடவே இல்லை.

படம் விழாத முதல் பறப்பு

1924-ல் கோடார்டுக்குக் கல்யாணம். மனைவி எஸ்தர் கிஸ்க், கிளார்க் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இனிமேல் நடக்கும் கதையில் கேமரா பெரும்பாலும் எஸ்தர் கையில்தான் இருக்கும். புகைப்படம் எடுப்பது, மூவி கேமரா ஓட்டுவது, கணவரின் கிறுக்கல் குறிப்பைத் தட்டச்சு செய்வது, ராக்கெட் விழுந்த இடத்தில் புல் தீப்பிடித்தால் அணைப்பது என்று எல்லாம் அவர் பொறுப்பு.

1926 மார்ச் 16. ஆபர்ன் ஊரில் எஃபி அத்தையின் பண்ணை. தரையில் பனி. கோடார்ட், எஸ்தர், மெக்கானிக் ஹென்றி சாக்ஸ், பல்கலைக்கழகத்தில் உடன் வேலை பார்த்த பெர்சி ரூப் என்று நான்கே பேர். பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் கலந்து எரியும் உலகின் முதல் ராக்கெட், குழாய்ச் சட்டம் ஒன்றில் நின்றது. நீளக் கம்பில் கட்டிய ஊதுவிளக்கால் சாக்ஸ் பற்றவைத்தார்.

பற்றியது, சத்தம் வந்தது, ஆனால் ராக்கெட் கிளம்பவில்லை. உந்துவிசையைவிட எடை அதிகம். எரிபொருள் தீர்ந்து எடை குறையும் வரை சுமார் 20 வினாடி அங்கேயே நின்று உறுமியது. எஸ்தர் கையில் இருந்ததோ சாவி கொடுத்து ஓட்டும் மூவி கேமரா. ஒரு சாவிக்கு 7 வினாடிதான் ஓடும். ராக்கெட் மேலே எழும்பியபோது கேமரா நின்றுபோயிருந்தது.

12.5 மீட்டர் உயரம், 56 மீட்டர் தூரம், இரண்டரை வினாடி. பனியில் உறைந்த முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் விழுந்தது. மனிதகுலத்தின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் பறந்ததற்குப் படம் கிடையாது. பாடப்புத்தகத்தில் நாம் பார்க்கும் புகழ்பெற்ற படம், கனத்த கோட்டு போட்டுக்கொண்டு சட்டத்தின் பக்கத்தில் கோடார்ட் நிற்பது, ஏவுவதற்கு முன்னால் எடுத்தது.

இந்தக் கஷ்டம் இன்றைக்கும் மாறவில்லை. ஏவும் இடத்தில் வெயிலில் காத்திருக்கும்போதே கேமராவின் பேட்டரியும் மெமரி கார்டும் தீர்ந்துபோய், கவுண்ட்டவுன் முடியும்போது கேமரா தூங்கிப்போன அனுபவம் மாடல் ராக்கெட் விடும் நிறையப் பேருக்கு உண்டு. இன்னும் பெரிய பேட்டரி வைக்கலாமே என்றால் எடை கூடும். நூறு வருடமாக இதே இழுபறிதான்.

கேமராவை ராக்கெட்டுக்குள் வைத்தது ஏன்?

ராக்கெட்டில் கேமரா வைப்பது கோடார்ட் கண்டுபிடித்தது இல்லை. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் மவுல் என்ற பொறியாளர், வெடிமருந்து ராக்கெட்டில் கேமரா கட்டி 1904-லேயே மேலிருந்து நிலத்தைப் படம் எடுத்துவிட்டார். ராணுவம் எதிரி முகாமைப் பார்க்கட்டும் என்பது அவர் திட்டம். விமானம் வந்ததும் அந்தத் திட்டம் செத்துப்போனது.

கோடார்டின் கேமரா வேறு வகை. அது பூமியைப் பார்க்கவில்லை. 1929 ஜூலை 17-ல் அதே ஆபர்ன் பண்ணையிலிருந்து கிளம்பிய ராக்கெட்டில் ஒரு காற்றழுத்தமானியும் ஒரு வெப்பமானியும் இருந்தன. அந்த இரண்டையும் நோக்கி ஒரு சின்ன கேமரா. உச்சிக்குப் போய் பாராசூட் விரியும் கணத்தில் கேமரா அந்தக் கருவிகளின் முள்ளைப் படம் எடுக்க வேண்டும். காற்றழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று படத்தில் தெரிந்தால், எவ்வளவு உயரம் போனது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு ராக்கெட் தன்னோடு அறிவியல் கருவிகளைச் சுமந்துபோனது அதுவே முதல் தடவை.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிமையான ஏற்பாடு! ரேடியோவில் தகவல் அனுப்பும் வசதி ராக்கெட்டுக்கு இல்லாத காலம். மேலே என்ன நடந்தது என்று கீழே சொல்ல ஒரே வழி, மேலேயே எழுதிவைத்துக் கீழே கொண்டுவருவது. இன்றைக்கும் மாடல் ராக்கெட்டில் உயரமானிச் சில்லும் வீடியோ கேமராவும் சேர்ந்தே போகின்றன. எண் சொல்வதைப் படம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான்.

அன்றைக்கு ராக்கெட் 27 மீட்டர் மட்டுமே உயர்ந்தது. பக்கத்தில் 50 மீட்டர் சொச்சம் தள்ளி விழுந்தது. காற்றழுத்தமானி அளக்கிற அளவுக்கு அது ஒரு உயரமே இல்லை. ஆனால் சத்தம் ஊரைத் தூக்கியது. விமானம்தான் விழுந்துவிட்டது என்று யாரோ சொல்ல, ஆம்புலன்ஸ், போலீஸ், நிருபர்கள் என்று பண்ணையே நிறைந்துபோனது. நிலவுக்கு விட்ட ராக்கெட் இரண்டு லட்சத்துச் சொச்சம் மைல் குறி தவறிவிட்டது என்று உள்ளூர்ப் பத்திரிகை கேலி செய்தது. தீயணைப்புத் துறை அதிகாரி, இனி மாசசூசெட்ஸில் ராக்கெட் விடக் கூடாது என்று தடை போட்டுவிட்டார். அப்புறம் மத்திய அரசின் ராணுவ நிலம் ஒன்றில், அதுவும் மழையோ பனியோ பெய்து தரை ஈரமாக இருக்கும்போது மட்டும் சோதிக்க அனுமதி கிடைத்தது.

அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் வீடுகள் இருந்தன. பெரிய மோட்டார் ராக்கெட்டுக்கு ஆள் இல்லாத பெரிய நிலம் வேண்டும் என்பது அன்றைக்கு மட்டும் இல்லை, இன்றைக்கும் விதி. பொழுதுபோக்கு ராக்கெட்டிலேயே மொத்த உந்தம் 160 நியூட்டன்-வினாடியைத் தாண்டும் மோட்டார் என்றால் அது உயர்திறன் வகை. அமெரிக்காவில் அதை வாங்கவே சான்றிதழ் வேண்டும். நம் ஊரில் ஆர்வக்கோளாறில் யாரும் தேரிக்காட்டில் போய்ப் பற்றவைத்துவிடக் கூடாது. உரிய அரசு அனுமதி இல்லாமல் அது குற்றம், ஆபத்தும்கூட.

கேமராவை எங்கே பொருத்துகிறார்கள்?

கோடார்டின் 1926 ராக்கெட்டைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். எரியும் முனை மேலே, எரிபொருள் தொட்டிகள் கீழே. மேலே பிடித்து இழுத்தால் நேராகப் போகும் என்று நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, அந்த ஏற்பாட்டால் எந்தப் பலனும் இல்லை என்று. அடுத்த மாதிரிகளில் எரியும் முனை கீழே போனது.

ராக்கெட் நேராகப் போக வேண்டும் என்றால் அதன் எடை மையம் முன்னாலும், காற்று அழுத்தும் மையம் பின்னாலும் இருக்க வேண்டும். கேமரா வைக்கும்போது இந்தக் கணக்குத்தான் முதலில் வரும். மூக்குப் பக்கம் கேமரா ஏறினால் எடை மையம் முன்னே வரும், அது நல்லதுதான். ஆனால் உடம்பின் ஒரு பக்கமாக வெளியே ஒட்டினால் இரண்டு கெடுதல். எடை ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கம் காற்றும் அதிகமாக உரசும். ராக்கெட் வளைந்து போகும். அதனால் எதிர்ப்பக்கம் அதே எடையும் அதே உருவமும் கொண்ட போலிக் கூடு ஒன்றை ஒட்டுகிறவர்கள் உண்டு. இல்லையென்றால் கேமராவை உள்ளே வைத்து, உடம்பில் லென்ஸ் அளவுக்கு மட்டும் துளை போட்டு, வெளியே சின்ன கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைப்பார்கள். அந்தக் கண்ணாடி கீழே இருக்கும் தரையை லென்ஸுக்குக் காட்டும்.

அடுத்தது சுழற்சி. வாலில் உள்ள இறக்கைகள் மயிரளவு கோணலாக ஒட்டியிருந்தாலும் ராக்கெட் தன்னைத்தானே சுற்றும். பார்க்கிறவருக்குத் தலை சுற்றும் வீடியோக்கள் அப்படி வந்தவைதான். பாராசூட் விரியும்போது வரும் உதறல் இன்னும் மோசம். பசை டேப் மட்டும் நம்பி ஒட்டிய கேமரா அந்தக் கணத்தில்தான் பிய்த்துக்கொண்டு போகும். தரையில் மோதி பேட்டரி கழன்றால், கேமரா எடுத்த காட்சியை முழுதாக மூடிச் சேமிக்க நேரம் இருக்காது. கேமரா கிடைக்கும், வீடியோ திறக்காது.

இதெல்லாம் வீடியோவுக்கு முன்பே தொடங்கிய விளையாட்டு. அமெரிக்காவின் எஸ்டெஸ் நிறுவனம் 1965-ல் கேம்ராக் என்று ஒரு மூக்குக் கேமரா விற்றது. ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு படம். 1970-ல் சினிராக் வந்தது. அதில் சூப்பர்-8 ஃபிலிம் ஓடியது. பையன்கள் தாங்கள் விட்ட ராக்கெட்டின் பின்னால் தரை விலகிப்போவதைச் சுவரில் திரையிட்டுப் பார்த்தார்கள்.

பாலைவனத்தில் யாருக்கும் தெரியாமல்

1929 ஜூலை களேபரத்தில் ஒரு நல்லதும் நடந்தது. அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் அந்தச் செய்தியைப் படித்தார். அந்த நவம்பரிலேயே கோடார்டைத் தேடி வந்தார். அவர் சொல்லி, டேனியல் குகன்ஹைம் என்ற செல்வந்தர் நான்கு வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் தர ஒத்துக்கொண்டார். 1930-ல் கோடார்ட் தம்பதி நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல்லுக்குக் குடிபெயர்ந்தார்கள். வறண்ட வெளி, கேள்வி கேட்க அண்டை அயல் இல்லை.

அந்த டிசம்பர் 30-ல் ஒரு ராக்கெட் 2,000 அடி ஏறியது. பிறகு பம்பரம்போல் சுழலும் கைரோ வைத்து ராக்கெட் தானே தன் திசையைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. 1935 மார்ச் 28-ல் கைரோ பொருத்திய ராக்கெட் 4,800 அடி உயர்ந்து, மணிக்கு 550 மைல் வேகத்தில் போனது. எஸ்தரின் மூவி கேமரா இந்த முறை ஓடியது. கேமரா நின்றுபோன 1926-க்குப் பிறகு எஸ்தர் படம் எடுப்பதை விடவே இல்லை. ரோஸ்வெல் ராக்கெட்டுகள் எழுவதையும் சாய்வதையும் வெடிப்பதையும் இன்றைக்கு நாம் பார்க்க முடிவது அவர் புண்ணியத்தில்தான்.

ஆனால் சாட்சி விஷயத்தில் கோடார்டுக்கு ராசியே இல்லை. 1935 செப்டம்பரில் லிண்ட்பெர்க்கும் ஹாரி குகன்ஹைமும் நேரில் பார்க்க ரோஸ்வெல் வந்தார்கள். வந்தவர்கள் கண் முன்னால் ராக்கெட் ஒன்றும் உருப்படியாகப் பறக்கவில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு மறுபடி பறந்தது.

இங்கே கோடார்டின் தப்பையும் சொல்லியாக வேண்டும். கிண்டலுக்குப் பயந்தும், யோசனையைத் திருடிவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டும், படங்களையும் அளவுகளையும் பூட்டிவைத்துக்கொண்டார். 1936-ல் கலிபோர்னியாவிலிருந்து ஃபிராங்க் மலினா என்ற இளைஞர் கற்றுக்கொள்ள வந்தபோது வரவேற்றுப் பேசினார், முக்கியமானது எதையும் காட்டவில்லை. அந்த மலினாதான் பின்னாளில் ஜெட் உந்துகை ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். நிரூபிக்க முடியாமல் தவித்தவர், நிரூபணம் கையில் வந்த பிறகு அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அதே காலத்தில் ஜெர்மனியில் அரசுப் பணத்தில் ஒரு படையே வேலை பார்த்தது. கோடார்டிடம் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

1942 முதல் அமெரிக்கக் கடற்படைக்காக விமானங்களை மேலெழுப்ப உதவும் ராக்கெட் வேலையில் இருந்தார். 1945-ல் கைப்பற்றிவந்த ஜெர்மன் வி-2 ராக்கெட்டின் பாகங்களைப் பார்த்தார். தன் வடிவமைப்பு அதில் தெரிவதாக அவருக்குப் பட்டது. அவரைப் பார்த்துத்தான் செய்தார்களா என்பது வரலாற்றாசிரியர்கள் இன்னும் முட்டிக்கொள்ளும் விஷயம். அந்த வருடமே தொண்டைப் புற்றுநோய். ஆகஸ்ட் 10-ல் பால்டிமோரில் இறந்தார். வயது 62.

அவர் போன பிறகு

14 மாதம் கழித்து, 1946 அக்டோபர் 24. அதே நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஒரு வி-2 கிளம்பியது. குண்டு இருந்த இடத்தில் 35 மி.மீ. மூவி கேமரா. ஒன்றரை வினாடிக்கு ஒரு படம். 105 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பி, தரையில் மோதி நொறுங்கியது. கேமராவும் தூள். ஆனால் ஃபிலிம் மட்டும் எஃகுப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. கழுவிப் பார்த்தால், கறுப்பு வானத்துக்குக் கீழே வளைந்த பூமி. விண்வெளியிலிருந்து எடுத்த முதல் படம் அது.

மேலேயே எழுதிவைத்துக் கீழே கொண்டுவா என்ற கோடார்டின் 1929 யோசனைதான் இது. அளவு மட்டும் பெரிது.

அவர் பெயரில் மொத்தம் 214 காப்புரிமைகள். அதில் 131, அவர் இறந்த பிறகு அவர் குறிப்புகளைத் தேடித் தொகுத்து எஸ்தர் விண்ணப்பித்து வாங்கியவை. 1960-ல் அமெரிக்க அரசு அந்தக் காப்புரிமைகளைப் பயன்படுத்தியதற்காக 10 லட்சம் டாலர் கொடுத்தது. அதற்கு முந்தைய வருடமே நாசா தன் விண்வெளி மையம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்துவிட்டது.

குலசையில் நிலைமை கோடார்டின் பாலைவனத்துக்கு நேர் எதிர். இலங்கையைச் சுற்றிக்கொண்டு வளையாமல் நேரே தெற்கே கடல்மேல் போகலாம் என்பதற்காகத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வளைவு மிச்சமானால், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய எரிபொருள் சேமிப்பு. ஆனால் கடலில் விழும் ராக்கெட்டோடு கேமராவும் போய்விடும். எனவே இஸ்ரோவின் கேமராக்கள் ஃபிலிமைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை, காட்சியைப் பறக்கும்போதே ரேடியோவில் தரைக்கு அனுப்பிவிடுகின்றன.

நியூயார்க் டைம்ஸ் தன் பழைய தலையங்கத்துக்கு வருத்தம் தெரிவித்து, ராக்கெட் வெற்றிடத்திலும் ஓடும் என்று ஒத்துக்கொண்டது. அது வந்த தேதி 1969 ஜூலை 17. அப்போலோ 11 கிளம்பிய மறுநாள். ஆபர்ன் பண்ணையில் கேமரா ராக்கெட் கிளம்பி அன்றைக்கு நாள் பிசகாமல் 40 வருடம்.

எஸ்தர் அப்போது உயிரோடு இருந்தார். மூன்று நாள் கழித்து நிலவில் இறங்கிய கலத்தின் ஜன்னலில் 16 மி.மீ. மூவி கேமரா ஒன்று பொருத்தியிருந்தது. தரை நெருங்கி வந்து தூசி கிளம்பியது வரை அது படம் எடுத்தது. ஃபிலிம் பத்திரமாகப் பூமிக்குத் திரும்பி வந்தது.